நீலம் பூத்த பாலாடைக்கட்டியும் அண்டை வீட்டாரின் உரிமையும்

புகழ் அனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பிரான்சு நாட்டிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பிறந்தது திருச்சிப் பக்கம், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பம். வாழ்க்கைப்பட்டது காரைக்காலில், ஷாஃபியீ மத்ஹபுக்காரர் வீட்டில். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் அங்குள்ள பல குடும்பங்கள் பிரான்சில் குடியேறியிருப்பதை நாம் அறிவோம். இந்தச் சகோதரியும் கணவரும் ஜூரா மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் வாழ்கிறார்கள்.

அவர் எழுதியதன் சுருக்கம் இது. அடுத்த வீட்டில் ஒரு கிறிஸ்தவ மூதாட்டி தனியாக இருக்கிறார். தலைப்பிரசவத்தின்போது இச்சகோதரிக்கு உம்மாவும் அருகில் இல்லை, மாமியும் அருகில் இல்லை. அந்த மூதாட்டிதான் இரவு பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொண்டார். அண்மையில் ஒரு நாள் அவர் தம் ஊர் மலையில் செய்யப்படும் பாலாடைக்கட்டியில் ஒரு பெருந்துண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளெல்லாம் நீலமும் பச்சையுமாகப் பூசணம். வாடையும் பலமாக இருந்தது. வேலை முடிந்து வந்த கணவர், “இது கெட்டுப்போனது, போதாததற்குக் கன்றுக்குட்டியின் குடலை ஊற்றிச் செய்வது, ஹராம்” என்று சொல்லி அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். மறுநாள் காலை, குப்பை வண்டி வருவதற்கு முன் தம் வீட்டுத் தொட்டியை வைக்க வந்த மூதாட்டி அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் வீட்டுப் படி ஏறுவதுமில்லை.

“அது ஹராமா, ஹலாலா? நாங்கள் செய்தது சரியா? நான் மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறேன், அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது” என்று முடிக்கிறார் சகோதரி.

இதில் ஒரு கேள்வி போல் தோன்றினாலும் நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, நமக்குத் தெரிந்தவரை விளக்க முயல்கிறோம். பிழையிருந்தால் அல்லாஹ் பொறுத்தருள்வானாக!

முதலில், பொருள் இன்னதென்று தெரிந்துகொள்வோம்

ஒரு பொருளைப் பற்றி அது இன்னதென்றே அறியாமல் ஹராம் என்றோ ஹலால் என்றோ நாவைத் திறப்பது பெரும் துணிச்சல். ஆகவே முதலில் அந்தப் பாலாடைக்கட்டியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே எல்லையாக நீண்டு கிடப்பது ஜூரா மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரம் 1720 மீட்டர் உயரமுடையது. அம்மலையின் மேட்டு நிலங்களில் பனி நீண்ட காலம் கிடக்கும். பயிர்செய்ய வாய்ப்புக் குறைவு. புல் மட்டும் செழிப்பு. ஆகவே அம்மக்கள் பசுக்களை நம்பி வாழ்கிறார்கள். கோடையில் மேய்ச்சல், பனிக்காலத்தில் காய்ந்த புல். கறக்கும் பால் முழுவதையும் அன்றன்றே குடித்துத் தீர்க்க இயலாது. கெட்டுப்போகாமல் பல வாரங்கள் வைத்துண்ண அவர்கள் கண்ட வழிதான் பாலாடைக்கட்டி.

அவற்றுள் ஒன்று ‘ப்ளூ தெ ஜெக்ஸ்’. ‘ஜெக்ஸ் ஊர் நீலம்’ என்று பொருள் கொள்ளலாம். ஜெக்ஸ் என்பது ஜெனீவா நகருக்கு அருகில், ஜூரா மலையின் அடியில் உள்ள ஊர். ‘ஓ-ஜூரா நீலம்’, ‘செப்மோன்செல் நீலம்’ என்றும் இதற்குப் பெயருண்டு. அப்பகுதியில் இருந்த சேன் குளோத் மடத்துத் துறவிகள் காலத்திலிருந்தே இது செய்யப்பட்டு வருவதாக அவ்வூரார் சொல்லிக்கொள்கிறார்கள். 1977ல் பிரெஞ்சு அரசு ஆணை பிறப்பித்து, 1996ல் ஐரோப்பிய அமைப்பும் ஒப்புக்கொண்டு, இந்தப் பெயரைக் காத்துவருகின்றன. அந்த மலைப்பகுதிக்கு வெளியே செய்ததை இந்தப் பெயரால் விற்கக் கூடாது. மோன்பெலியார்ட், சிம்மென்டால் என்ற இரு இனப் பசுக்களின் பாலையே பயன்படுத்த வேண்டும். அப்பசுக்களுக்குப் புளிக்கவைத்த தீவனம் போடலாகாது. பால் பச்சைப் பாலாக இருக்க வேண்டும். அதாவது கிருமி சாகும்படி காய்ச்சியதாக இருக்கக் கூடாது. இவை விதிகள்.

செய்யும் முறை இது. பாலை இளஞ்சூடாக்கி, அதில் ஒரு வகை நல்ல பூசணத்தின் வித்தைச் சேர்ப்பார்கள். பிறகு உறை ஊற்றுவார்கள். பால் திரண்டதும் சிறு துண்டுகளாக வெட்டி, நீரை வடித்து, வட்ட அச்சுகளில் இடுவார்கள். பின் சில நாட்கள் உப்பிட்டு வைப்பார்கள். அதன்பின் நீண்ட ஊசிகளால் மேலிருந்து துளையிடுவார்கள். அந்தப் பூசணம் காற்றில்லாமல் வளராது. துளை வழியே காற்று உட்புகுந்ததும்தான் நீல நரம்புகள் ஓடத் தொடங்கும். குறைந்தது 21 நாட்கள் குளிர்ந்த ஈரமான அறையில் பக்குவப்படுத்துவார்கள். முழு வட்டு ஏழு, எட்டு கிலோ எடையிருக்கும். அதன் மேல்தோலில் ‘ஜெக்ஸ்’ என்ற பெயர் பதிந்திருக்கும். அவ்வூரார் வேகவைத்த உருளைக்கிழங்குடன் இதை உண்பார்கள். இது பணக்காரர் பண்டமல்ல. மலைக்குடியானவரின் அன்றாட உணவு.

ஆகவே அந்த மூதாட்டி கொண்டுவந்தது வீட்டில் கிடந்து கெட்டுப்போன மிச்சமல்ல. தம் ஊர் எதை எண்ணிப் பெருமைப்படுகிறதோ அதையே கொண்டுவந்தார். நம் வீட்டில் பெருநாளன்று செய்த நெய்ச்சோற்றை அண்டை வீட்டாருக்கு அனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூசணம் பூத்ததை உண்ணலாமா?

இது முதல் கேள்வி. பூசணம் என்பது நஜீஸ் அல்ல. அது தாவரம் போன்றதொரு படைப்பு. தீங்கு தருவதும் மதிமயக்குவதும் அல்லாத தாவரங்கள் உண்ண ஆகுமானவை என்பதே அடிப்படை. 1928ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்பவர் கண்டுபிடித்த பென்சிலின் மருந்தும் ஒரு பூசணத்திலிருந்து கிடைத்ததே. இப்பாலாடைக்கட்டியில் வளரும் பூசணமும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். இலட்சோப இலட்சம் உயிர்களைக் காப்பாற்றிய மருந்தை அல்லாஹ் எதற்குள் வைத்திருந்தான் என்று எண்ணிப் பாருங்கள்!

வாடை வீசுவதாலும் ஒன்று ஹராமாகிவிடாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வாற்கோதுமை ரொட்டியும், நாளாகி வாடை மாறிய கொழுப்பும் கொண்டுசெல்லப்பட்ட செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி ஷரீபில் காண்கிறோம். இரு உலகத் தலைவரான அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, வீட்டில் ஈரம்பட்டுப் பூத்துப்போன ரொட்டியையும், ஊசிப்போன சோற்றையும் யாரும் உண்ணத் தொடங்கிவிட வேண்டாம். எல்லாப் பூசணமும் ஒன்றல்ல. நஞ்சுள்ளவை பல உண்டு. தெரிந்தெடுத்த ஒரு பூசணத்தை, தெரிந்த முறையில், தேர்ந்த கைகள் வளர்ப்பது வேறு; தானாக வந்து பிடித்தது வேறு. உடலுக்குத் தீங்கு என்று தெரிந்ததை உண்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதாகும்.

கன்றின் உறை பற்றிய மஸ்அலா

இரண்டாவது கேள்விதான் உண்மையில் ஆராய வேண்டியது. நாம் பாலுக்கு மோர் ஊற்றித் தயிர் உறைய வைக்கிறோம். பாலாடைக்கட்டி செய்பவர்கள் வழிவழியாக வேறோர் உறையைப் பயன்படுத்துகிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் இளங்கன்றின் நான்காவது இரைப்பையில் பாலைத் திரட்டும் ஒரு சத்து இருக்கிறது. அதை எடுத்துப் பாலில் சிறிதளவு சேர்த்தால் பால் கட்டியாகத் திரளும். அரபியில் இதற்கு ‘இன்ஃபஹா’ என்று பெயர். கணவர் ‘குடல்’ என்று சொன்னது இதைத்தான்.

இது புதிதாக முளைத்த பிரச்சினையல்ல. நமது இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அலசித் தீர்த்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக்கில் இருந்தபோது ஒரு பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டது. கத்தி கொண்டுவரச் சொல்லி, அல்லாஹ்வின் பெயர் கூறி அதை வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் வருகிறது. இந்த உறை எந்தப் பிராணியுடையது, யார் அறுத்தார் என்ற விசாரணை அந்த அறிவிப்பில் இல்லை. நெய்யையும் பாலாடைக்கட்டியையும் பற்றி வினவப்பட்டபோது, அல்லாஹ் தன் வேதத்தில் ஆகுமாக்கியது ஹலால், விலக்கியது ஹராம், அவன் ஏதும் கூறாமல் விட்டது மன்னிக்கப்பட்டது என்ற கருத்தில் விடை கிடைத்ததாக ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் வழியாக திர்மிதியில் காண்கிறோம். அது ஸல்மான் (ரலி) அவர்களின் சொந்தக் கூற்றே என்று சொல்லும் ஹதீதுக் கலை அறிஞர்களும் உண்டு. எப்படியாயினும் பாலாடைக்கட்டி பற்றிய கேள்வி ஸஹாபாக்கள் காலத்திலேயே எழுந்துவிட்டது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இனி மத்ஹபுகளின் நிலையைக் கவனியுங்கள்.

ஷாஃபியீ மத்ஹபில், பாலைத் தவிர வேறெதையும் உண்ணாத கன்றை மார்க்க முறைப்படி அறுத்து எடுத்த உறை தூய்மையானது. செத்ததிலிருந்தோ, முறைப்படி அறுக்கப்படாததிலிருந்தோ எடுத்தால் அது நஜீஸ்.

ஹனஃபி மத்ஹபில், செத்த பிராணியின் உறையும் தூய்மையானதே என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. பால் எப்படிப் பிராணியின் உயிரோடு சேர்ந்து சாவதில்லையோ, அதுபோல இந்த உறையும் சாவதில்லை என்பது அவர்களின் விளக்கம். அவர்களது மாணவர்களான இமாம் அபூயூசுப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இதில் மாறுபடுகிறார்கள். பன்றியின் உறை எந்த மத்ஹபிலும் ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாலிக்கீ மத்ஹபும், ஹன்பலீ மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்தும் ஷாஃபியீ மத்ஹபின் கருத்தை ஒட்டியவை. எனினும் ஸஹாபாக்கள் இராக்கை வென்றபோது அங்கிருந்த நெருப்பு வணங்கிகள் செய்த பாலாடைக்கட்டியை உண்டார்கள் என்ற செய்தியைச் சான்றாகக் கொண்டு, இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஹனஃபி மத்ஹபின் முடிவையே ஏற்றிருக்கிறார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இது உம்மத்தின் பேரறிஞர்கள் கருத்து மாறுபட்ட விஷயம். ஹராம் என்று ஒரே சொல்லில் அடித்துப் பேச இடமில்லை. அதேவேளை, ஷாஃபியீ மத்ஹபைச் சேர்ந்த கணவர், உறை எப்படி எடுக்கப்பட்டது என்று அறியாத நிலையில் விலகிக்கொண்டதும் தவறல்ல. ஐயத்திற்குரியதை விட்டு விலகுவது பேணுதல். அதில் நன்மை உண்டு. ஹனஃபி வீட்டில் வளர்ந்த மனைவி தம் மத்ஹபின்படி நடந்தாலும் குற்றமில்லை. ஒரே வீட்டில் இருவேறு மத்ஹபு இருப்பது இல்லறத்திற்கு இடையூறல்ல. ஒருவர் மற்றவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காதிருந்தால் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. இக்காலத்தில் பிராணியின் சம்பந்தமே இல்லாமல், நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்கும் உறையாலும் பற்பல பாலாடைக்கட்டிகள் செய்யப்படுகின்றன. ஆனால் ஜெக்ஸ் போன்று பழைய முறையை விடாதவற்றில் கன்றின் உறையே வழக்கம். செய்பவரிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். கேட்பதில் வெட்கமென்ன?

ஹலாலாக இருந்தால் மட்டும் போதுமா?

மூன்றாவது கேள்வியைச் சகோதரி நேராகக் கேட்கவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் தற்செயலாக எழுதிவிட்டார். அவர் கர்ப்பமாக இருக்கிறார்.

அல்லாஹ் தன் திருமறையில் உணவைப் பற்றிச் சொல்லுமிடங்களில் ஹலால் என்பதோடு ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறான். ஆகுமானதாகவும் இருக்க வேண்டும்; நல்லதாகவும் இருக்க வேண்டும். சாணத்துக்கும் இரத்தத்துக்கும் நடுவிலிருந்து தூய பாலைத் தருவதை ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் அல்லாஹ் ஓர் அத்தாட்சியாக எடுத்துக்காட்டுகிறான். அப்படித் தூய்மையாக வந்த பாலும், கறந்தபின் மனிதர் கைபட்டும் பாத்திரம் பட்டும் கிருமிக்கு இடமாகிவிடலாம் அல்லவா? காய்ச்சாத பச்சைப் பாலில் செய்த பாலாடைக்கட்டியில், அரிதாகவேனும், லிஸ்டீரியா என்னும் கிருமி இருக்கக்கூடும். நல்ல உடல்நிலை உள்ளவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பிணியைத் தொற்றினால் கருவிலுள்ள பிள்ளையைப் பறித்துவிடும் ஆற்றல் அதற்குண்டு. அந்த மலைநாட்டு மருத்துவர்களே கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பச்சைப் பால் பாலாடைக்கட்டி வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகவே சகோதரியே! உங்கள் மத்ஹபின்படி அது உங்களுக்கு ஆகுமானதாயினும், பிரசவம் ஆகும்வரை அதை நீங்கள் உண்ண வேண்டாம். உங்கள் மூத்த குழந்தைக்கும் இப்போது கொடுக்க வேண்டாம். வயிற்றில் இருப்பது அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம்.

குப்பைத் தொட்டியில் விழுந்தது எது?

இப்போது நான்காவது கேள்விக்கு வருகிறோம். நம்மைப் பொறுத்தவரை மற்ற மூன்றையும்விட இதுவே கனமானது.

கணவர் அதை உண்ணாமல் விட்டது பேணுதல் என்று சொன்னோம். ஆனால் தொட்டியில் வீசியது பேணுதலா? இல்லை. அங்கே விழுந்தது பாலாடைக்கட்டி மட்டுமல்ல. ஒரு மூதாட்டியின் மனமும் கூடவே விழுந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறைகூறியதே இல்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள். உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, தம் ஊரில் அது இல்லை, தமக்குப் பிடிக்கவில்லை என்று கூறிக் கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதையே எடுத்து உண்டார்கள், தடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஓர் அழகு உண்டு என்பதை அண்ணலார் அப்படிக் கற்றுத்தந்தார்கள்.

அண்டை வீட்டுப் பெண் கொடுப்பது ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று முஸ்லிம் பெண்களுக்கு அவர்கள் அறிவுறுத்தினார்கள். அண்டை வீட்டார் முஸ்லிமாக இருந்தால்தான் இது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, அவர்கள் முதலில் கேட்டது, ‘நம் அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா?’ என்பதுதான். ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததை நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள்.

சகோதரரே! அந்த மூதாட்டி உங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்த்தபோது, அவர் கைகள் தூய்மையானவையா என்று நீங்கள் ஆராயவில்லை. அவர் கொதிக்கவைத்த நீர், அவர் துவைத்த துணி, அவர் விழித்திருந்த இரவு, இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டீர்கள். அப்போது ஏற்றது சரி. அப்படியானால் இப்போது அவர் கொடுத்ததை உண்ண முடியாதென்றால், “அம்மா, எங்கள் மார்க்கத்தில் இதன் உறையைப் பற்றி ஒரு சட்டம் உண்டு, எனக்கு ஐயமாக இருக்கிறது, மன்னியுங்கள்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாமே! அவர் வருந்தியிருக்க மாட்டார். நம் மார்க்கம் இவ்வளவு நுணுக்கமானதா என்று வியந்திருப்பார். தொட்டியில் கண்டதால் அவர் நம் மார்க்கத்தைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று எண்ணும்போது நம் நெஞ்சு பதறுகிறது.

ஊசியால் துளையிட்டுக் காற்றை உள்ளே விட்டால்தான் அந்தப் பாலாடைக்கட்டி பக்குவப்படும் என்று பார்த்தோம். நம்மில் சிலருடைய பேணுதலோ நாலாபுறமும் அடைத்த கட்டியாக இருக்கிறது. இரக்கம் என்ற காற்று உட்புக ஒரு துளைகூட இல்லை. அது பக்குவப்படாது.

இனிச் செய்ய வேண்டியது

சகோதரியும் அவர் கணவரும் இருவருமாகச் சேர்ந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். நெய்ச்சோறோ, அவர் விரும்பும் வேறெதுவோ செய்து எடுத்துச் செல்லுங்கள். கணவரே வாய்திறந்து மன்னிப்புக் கேட்கட்டும். மனைவியை முன்னே விட்டுப் பின்னே நிற்க வேண்டாம். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பொய்ச் சமாதானம் எதுவும் வேண்டாம். உறை பற்றிய சட்டத்தையும், மருத்துவர் சொல்லும் காரணத்தையும் அவருக்குப் புரியும்படி விளக்குங்கள். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தௌபா செய்தால் மட்டும் அது தீராது என்பதை ஆலிம் பெருமக்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மத்ஹபு விஷயத்தில் மேலும் விளக்கம் வேண்டுமானால், பக்கத்திலுள்ள பள்ளிவாசல் இமாமிடம் இருவருமாகச் சென்று கேளுங்கள். நாம் எழுதியதை ஃபத்வாவாகக் கொள்ள வேண்டாம். சிந்திக்கத் தூண்டும் ஒரு நினைவூட்டலாகக் கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் நம் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஜூரா மலை நமக்குத் தொலைவில் இருக்கலாம். ஆனால் அண்டை வீடு எல்லாருக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் அடுத்த வீட்டிலிருந்து வந்த ஒரு கிண்ணத்தை முகம் சுளித்து ஒதுக்கிய நாள் நமக்கும் உண்டா என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்ப்போமாக. உண்ண ஆகாதது வந்தால் ஒதுங்குவோம். ஆனால் கொடுத்தவர் மனத்தை ஒதுக்காதிருப்போம்.

யா அல்லாஹ்! ஹலாலான, நலமான உணவை எங்களுக்கு நல்குவாயாக! ஐயமானவற்றிலிருந்து எங்களைக் காப்பாயாக! அறியாமல் நாங்கள் புண்படுத்திய மனங்களை ஆற்றும் வழியைக் காட்டுவாயாக! அந்தச் சகோதரியின் கருவிலுள்ள சிசுவைப் பாதுகாத்து, ஸாலிஹான பிள்ளையாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!